ஊர் உம்மது, வண்டி என்னது

சங்கரன்கோவில்
2-3-2025

என் சேக்காளி தாவீதுக்கு சிவனாண்டி எழுதுனது.

இங்கன நானும் பூமாரியும் சொகம். கரிவலத்துல வயலும் சொகம், வாய்க்கால்ல தண்ணி மட்டும் கொஞ்சம் சொகமில்ல. அங்கன பொள்ளாச்சியில நீரும், உம்ம மகன் ராஜேஷ்குமாரும், மருமக ஏஞ்சலும், உம்ம மூட்டுவலியும் நல்லா இருக்கியளா?

"போன் இருக்கும்போது எதுக்குய்யா கார்டு?"ன்னு என் மகன் மாரிக்கண்ணன் கேக்கான். போன்ல பேசுனா உங்க வீட்டுல ஸ்பீக்கர்ல போட்டுருதாவ. நான் ஒண்ணு சொன்னா நீரு சிரிக்க முந்தி ஏஞ்சல் சிரிக்கு. நம்ம கேலிய நாம மட்டும் பேசணும்னா கார்டுதான் சரி. அஞ்சாங்கிளாஸ் கை, எழுத்து கோணலாத்தான் இருக்கும். நீரு எஸ்எஸ்எல்சி, கூட்டி வாசிச்சுக்கிடும்.

இப்ப முக்கியமான சோலிக்கு வாரேன். ஆடித்தவசு முடிஞ்ச கையோட வருசாவருசம் நாம போற டூருக்கு உள்ள சட்டம் ஞாபகம் இருக்கா? ஒருத்தன் ஊரச் சொல்லணும், மத்தவன் வண்டியச் சொல்லணும், மறுத்துப் பேசப்படாது. போன வருசம் ஊரு நான் சொன்னேன், தேக்கடி. வண்டி நீரு சொன்னீரு. இந்த வருசம் ஊரு உம்மது, வண்டி என்னது. என் வண்டிய நான் இப்பமே சொல்லிட்டேன்: பஸ்ஸு. கவருமெண்டு பஸ்ஸு, சன்னலோரம் எனக்கு.

தேக்கடின்னதும் சிரிப்பு வருதுவே. திரும்பி வரும்போது கம்பம் தாண்டி, நட்டநடு ரோட்டுல, "வண்டிய நிப்பாட்டும்!"னு ஒரு கத்து கத்துனீரே. கண்டக்டர் நெஞ்சுவலின்னு பதறி விசிலடிச்சான். நீரு குதிச்சு இறங்கித் திராட்சைத் தோட்டத்துக்குள்ள ஓடுதீரு. பஸ்ஸே ஒரு பக்கமாச் சாய்ஞ்சு எட்டிப் பாக்கு. திரும்பி வரும்போது கையில ஒரு குலை திராட்சை, வேட்டி முன்பக்கம் பூரா ஈரம். கேட்டா, தண்ணி பாட்டில் சரிஞ்சிட்டுங்கீரு! "பெருசு, தேனியில தள்ளுவண்டியில விக்கான், அதுக்குள்ள என்ன அவசரம்?"னு கண்டக்டர் ஏசுனான் பாரும். மன்சூர் அலி டீக்கடையில நான் இதச் சொல்லும்போதெல்லாம் புதுசா ஒருத்தன் புரையேறிச் சாவுதான். உமக்கு இங்கன பேரே திராட்சை அண்ணாச்சிதான்.

ஊரச் சொல்லும் சீக்கிரம். எல்லாரையும் கேட்டதாச் சொல்லும்.

இப்படிக்கு
சிவனாண்டி


பொள்ளாச்சி
16-3-2025

அன்புள்ள சிவனாண்டிக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். உமக்கும் பூமாரிக்கும் உடம்பு எப்படி? மாரிக்கண்ணனுக்கு மதுரை வேலை பிடித்துவிட்டதா?

இங்கே காலையில் குளிர், மத்தியானம் தேங்காய் லாரி. வேறு விசேஷம் இல்லை. ராஜேஷ்குமாரின் எலக்ட்ரிக் கடையில் சாயங்காலம் போய் உட்காருவேன். சங்கரன்கோவிலில் பெட்டி, பை விற்ற கைக்குப் பல்பு விற்பது சுலபமாக இல்லை. பைக்கு ஜிப் இழுத்துக் காட்டினால் போதும். பல்பை ஒவ்வொன்றாக எரியவைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. இப்போது கடைக்கும் அதிகம் போவதில்லை. வீட்டிலேயே இருந்துகொள்கிறேன்.

ஊர் கேட்டீர். யோசித்துவிட்டேன்.

ஊர்: அந்தமான்.

மறுத்துப் பேசக்கூடாது என்பது நீர் சொன்ன சட்டம். வண்டி பஸ் என்பதும் நீர் சொன்னதுதான். பஸ்ஸில் அந்தமானுக்கு எங்கே டிக்கெட் கொடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதும். அதுவரை நான் பெட்டி கட்டவில்லை.

பூமாரிக்கு என் அன்பைச் சொல்லும். வெயில் ஏறுகிறது, தலைக்குத் துண்டு போடாமல் வயலில் நிற்காதீர்.

அன்புடன்
தாவீது


சங்கரன்கோவில்
24-3-2025

அந்தமான் தாவீதுக்கு,

பூமாரிக்கு இருமல், எனக்கு உம்ம கார்டப் படிச்சதுலருந்து வயித்துவலி, சிரிச்சுச் சிரிச்சு. அங்கன எல்லாரும் சொகந்தான?

உம்ம கார்டோட நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கன டைம் கீப்பர்ட்ட, "தம்பி, அந்தமானுக்கு வண்டி எத்தன மணிக்கு?"ன்னு கேட்டேன். அவன் தலையத் தூக்காம, "பனவடலிசத்திரத்துல மாறணும்"ங்கான், இந்தா பக்கத்துல கெடக்க ஊர! யாருன்னு நெனச்சான், என்னமா பதிலு சொல்லுதான் பாத்தீரா. நம்ம ஊருக்காரன் உம்மளுக்கு மேல இருக்கான்.

சரிவே, விளையாட்டு போதும். கடலுக்குள்ள இருக்க ஊரு செல்லாது. பஸ்ஸு போற ஊராச் சொல்லும். மூணாறு சொல்லும், வால்பாறை சொல்லும். உம்ம பொள்ளாச்சிக்குப் பக்கம் வால்பாறை. கொண்டை ஊசி வளைவு வளைவா ஏறும். மூணு மணி நேரம் அசையாம சன்னலோரம் உக்காந்து வந்தா மோட்சம். என்ன சொல்லுதீரு?

நெல்லு அறுத்தாச்சு. வெல கெடக்கட்டும், வைக்கோலு நல்லா வந்திருக்கு. பூமாரிக்குச் சித்திரையில வீட்டுக்கு வெள்ளையடிக்கணுமாம். நான் அதுக்குள்ள பதில் வந்தா டூரச் சாக்கு வச்சுத் தப்பிச்சிருவேன்.

உடம்பப் பாத்துக்கிடும்.

சிவனாண்டி


பொள்ளாச்சி
23-4-2025

அன்புள்ள சிவனாண்டிக்கு,

உயிர்த்தெழுந்த ஞாயிறு நல்லபடியாக முடிந்தது. அந்தச் சந்தோஷம் உம் வீட்டிலும் இருக்கட்டும். பூமாரியின் இருமல் நின்றதா? மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொல்லும்.

பதில் தாமதமானதற்குக் கோவிலும் பண்டிகையும் காரணம். இங்கே கோவில் பெரியது, ஆராதனை நீளம். நான் இப்போதெல்லாம் கடைசி பெஞ்சில், கதவோரம் உட்காருகிறேன். காற்று நன்றாக வரும். என் வீட்டுக்காரி ஞானபூரணம் இருந்திருந்தால் முன் பெஞ்சை விட்டு அசைய விட்டிருக்க மாட்டாள். அவள் போய் மூன்றாவது பண்டிகை இது.

சாயங்காலக் காப்பியை விட்டுவிட்டேன். ஏஞ்சல் மிச்சக் காப்பியைப் பார்த்து, "மாமாவுக்கு என் காப்பி பிடிக்கவில்லை" என்று வருத்தப்படுகிறது. அப்படி இல்லை என்று சொன்னேன். வேறு என்ன காரணம் என்று அது கேட்டது. தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்றேன்.

வால்பாறை வேண்டாம். மூட்டு வலிக்கு மலைக்காற்று ஆகாது. ஊர் கட்டாயம் சொல்லத்தான் வேண்டுமென்றால் காசி என்று எழுதிக்கொள்ளும். அதற்கும் பஸ் தேடும். உமக்கு வயதே ஆகாதா வே? எழுபதைத் தாண்டியும் சன்னலோரம் கேட்கிறீர்.

எல்லோருக்கும் என் விசாரிப்பு.

தாவீது


சங்கரன்கோவில்
11-5-2025

காசிக்குப் போகாத தாவீதுக்கு,

இங்கன வெயிலத் தவிர எல்லாரும் சொகம். பூமாரி இருமல் நின்னுட்டு, இப்ப என்ன ஏசுததுக்குத் தொண்டை நல்லாத் தெளிவா இருக்கு. அங்கன உம்ம மூட்டு?

மூட்டுவலிங்கீரு. மூட்டுவலிக்காரன்தான் போன வருசம் ஓடுற பஸ்ஸுலருந்து குதிச்சான்? அந்தமான், காசின்னு ஊருக்கு ஊரு தாவுதீரு. எனக்குத் தெரியாதாக்கும். மருமகளுக்குப் பயம் உமக்கு. லீவு கேக்கப் பயம். இல்லன்னா பல்பு யாவாரத்துல பெரிய ஆளாயிட்டீரு, சேக்காளி சங்காத்தம் வேண்டாம்னு ஆயிட்டு.

முந்தாநாள் பனவடலிசத்திரத்துல பூமாரியோட அண்ணன் பேத்தி கல்யாணம். பந்தியில பக்கத்துல இருந்தவன் இலையில ஒரு திராட்சை உருண்டுச்சு. விடுவனா? எந்திரிச்சு நின்னு உம்ம கதைய நடிச்சே காட்டிட்டேன். ஓடுனது, குனிஞ்சது, வேட்டியப் பிடிச்சுக்கிட்டு வந்தது எல்லாம். மாப்பிள வீட்டுக்காரன் சாம்பார் வாளியக் கீழ வச்சுட்டுச் சிரிக்கான்.

பூமாரி மட்டும் சிரிக்கல. பஸ்ஸுல திரும்பி வரும்போது கேக்கா: "தாவீது அண்ணாச்சிக்கு சுகர் கிகர் இருக்கா?" நான் சொன்னேன், "ஏட்டி, சுகர் இருந்தா திராட்சைக்கு இப்படி ஓடுவாரா?" அவ என்னய ஒரு பார்வ பாத்தா. "ஒங்களுக்கு வெளையாட்டு ஒண்ணுதான் தெரியும்"னு சொல்லிட்டு சன்னலப் பாத்துத் திரும்பிக்கிட்டா. இந்தப் பொம்பளைக எப்ப எதுக்குக் கோவப்படுதாவன்னு ஒரு எழவும் புரியல.

மரியாதையா ஒரு ஊரச் சொல்லும். இல்லன்னா நானே பொள்ளாச்சிக்கு பஸ் ஏறி வந்து உம்மளக் கையோட இழுத்துட்டுப் போவேன். 

மருமகட்ட நான் கேட்டதாச் சொல்லும். லீவு குடுக்கச் சொல்லும்.

சிவனாண்டி


சங்கரன்கோவில்
14-6-2025

தாவீதுக்கு,

சொகம்தானவே? கார்டு போட்டு மாசத்துக்கு மேல ஆச்சு. போஸ்ட்மேனப் பாத்து எனக்கு வெக்கமாப் போச்சு. "இன்னைக்கும் ஒண்ணுமில்ல தாத்தா"ன்னு அவனே சைக்கிள மெதுவாக்கிச் சொல்லிட்டுப் போறான்.

வெள்ளையடிச்சு முடிச்சாச்சு. தப்பிக்க முடியல.

கோவமா? ஏசியாவது ஒரு கார்டு போடும்.

சிவனாண்டி


பொள்ளாச்சி
29-6-2025

சிவனாண்டிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன்.

இதை இன்லண்டு கவரில் எழுதுகிறேன். இனி நீர் எழுதினாலும் கார்டில் எழுத வேண்டாம். கார்டை முதலில் போஸ்ட்மேன் படிக்கிறார், அப்புறம் ஏஞ்சல் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் சத்தமாகப் படிக்கிறது. நல்ல பிள்ளை, உம் எழுத்து அதற்குப் பிடிக்கும். கல்யாணப் பந்தி கார்டையும் அப்படித்தான் படித்தது. எல்லோரும் சிரித்தார்கள். ராஜேஷ்குமார் கண்ணில் நீர் வரச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

இந்த வருஷம் நான் வரவில்லை. பஸ்ஸில் இனி ஏற மாட்டேன். காரணம் கேட்காதீர். மன்சூர் அலியைக் கூட்டிக்கொண்டு போம். அவனும் ஊர் சுற்ற ஆசைப்படுகிறவன்தான்.

திராட்சை விஷயத்தை இத்துடன் விட்டுவிடும் வே.

பூமாரி கேட்டதற்குப் பதில்: சுகர் இல்லை. பார்த்தாயிற்று. அவளுக்கு என் நன்றி.

தாவீது


சங்கரன்கோவில்
9-7-2025

தாவீதுக்கு,

இத கவர்ல போட்டு, சோத்துப்பருக்கை வச்சு ஒட்டி, ஓரத்துல என் கையெழுத்தும் போட்டிருக்கேன். உம்மளத் தவிர யாரு பிரிச்சாலும் எனக்குத் தெரிஞ்சிரும். ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திட்டுப் படியும்.

வீட்டுல எல்லாரும் சொகம். நான்தான் சொகமில்ல.

இத எப்படி எழுததுன்னு தெரியல. பூமாரிக்கு மட்டுந்தான் தெரியும். வெளிய தெரிஞ்சா தல தூக்கி நடக்க முடியாது. நீரு யாருட்டயும் மூச்சு விடமாட்டீருன்னு நம்பி எழுதுதேன்.

எனக்கு மூத்திரம் நிக்க மாட்டேங்குவே.

சிரிக்காதீரு. வரும்போது சொல்லாம வருது. வந்துட்டா நாலு எண்ண விடமாட்டேங்கு. போன வாரம் இளையரசனேந்தல்ல மச்சினன் காட்டுல மக்காச்சோளம் ஊனுதான்னு பாக்கப் போயிட்டு மினி பஸ்ஸுல வாரேன். பாதி வழியில முட்டிக்கிட்டு. அடக்கிப் பாத்தேன், சாமியக் கும்பிட்டுப் பாத்தேன், கம்பியக் கடிக்காத கொறதான். "வண்டிய நிப்பாட்டுலே!"ன்னு கத்திட்டேன். டிரைவர் இசக்கித்துரை நம்ம பய. "என்ன மாமா, செல்லு விழுந்துட்டா?"ங்கான். "ஆமாலே"ன்னு சொல்லிட்டு ஒரு கருவேல மரத்தப் பாத்து ஓடுனேன். பாதி மரத்துக்கு, பாதி வேட்டிக்கு. அவன் பயக்க ரெண்டு பேரு நல்ல மனசோட இறங்கி வந்து என் செல்ல மண்ணுக்குள்ள தேடுதானுவ. செல்லு என் பையில மணியடிக்கு! பூமாரி கூப்பிடுதா.

இந்த லட்சணத்துல எனக்கு பஸ்ஸு இனி ஆகாது. ஆனா டூர விடவும் மனசில்ல. இத விட்டா வேற என்ன இருக்கு நமக்கு? அதனால சட்டத்த மீறுதேன், மன்னிச்சுக்கிடும். வண்டிய மாத்துதேன்: ரயிலு. எந்திரிச்சு நாலு எட்டு வச்சா கக்கூஸு. யாரையும் நிப்பாட்டச் சொல்ல வேண்டாம், யாரும் ஏசமாட்டான். கக்கூஸ ஒட்டின சீட்டாவே பிடிப்போம். மத்தவன் நாறுதும்பான். நமக்கு அதான் மெத்தை.

ஆனா ஒத்தையில போவப் பயமா இருக்கு. ரயில் தாழ்ப்பாள நம்ப முடியாது. கதவுக்கு வெளிய நம்பிக்கையான ஆளு ஒண்ணு நிக்கணும். மன்சூர் அலியக் கூட்டிட்டுப் போம்னு எழுதியிருந்தீரு. நல்லா இருக்கு! அவன் மறுநாளே டீக்கடைப் பலகையில எழுதிப் போட்டுருவான். நானா இருந்தாலும் அதான் செய்வேன்.

உம்மள விட்டா எனக்கு ஆளு இல்லவே. ஊரு உம்மது. ரயிலு போற ஊரா ஒண்ணு சொல்லும். 

பதில கவர்லயே போடும். 

சிவனாண்டி


பொள்ளாச்சி
21-7-2025

அன்புள்ள சிவனாண்டிக்கு,

உம் கவரை மாடிக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். சோற்றுப் பருக்கை காய்ந்து, பிரிப்பதற்குள் ஒரு மூலை கிழிந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. கவலைப்படாதீர்.

நான் சிரிக்கவில்லை. செல் மணியடித்த இடத்தில் மட்டும் கொஞ்சம்.

இந்த மாதிரிக் கஷ்டம் உள்ள ஒருவர் எனக்குத் தெரியும். அவர் சொன்னதை எழுதுகிறேன். கிளம்புவதற்கு முன் தண்ணீரை நிறுத்திவிடாதீர், எரிச்சல் எடுக்கும். காப்பி, டீ வேண்டாம். வெள்ளை வேட்டி கட்டாதீர், கறுப்பில் பேண்ட், அல்லது கட்டம் போட்ட கைலி. கைப்பையில் மேலாக ஒரு மாற்று உடை இருக்கட்டும், அடியில் வைத்தால் அவசரத்தில் கிடைக்காது. எந்த இடத்துக்குப் போனாலும் உட்காரும் முன் அது எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளும். போய்விட்டு வந்ததும் மறுபடி ஒரு தரம் போம். ராத்திரி ஒரு போத்தலை... இதை நேரில் சொல்கிறேன்.

முக்கியமானது, மனதில் வைத்துக்கொண்டு குமையக் கூடாதாம். அந்தப் புத்தியை அவரே கேட்பதில்லை.

ஊர்: கொல்லம். மதுரையிலிருந்து உம் ஊர் வழியாகச் செங்கோட்டை, மலை தாண்டிப் போகிற பகல் ரயில். முந்தின நாள் மதுரையில் என் தங்கை வீட்டுக்கு வந்து தங்கிக்கொள்கிறேன். நான் மதுரையில் ஏறுவேன், நீர் சங்கரன்கோவிலில் ஏறும்.

வருவேன் என்றுதான் நினைக்கிறேன்.

பூமாரியிடம், அண்ணாச்சி கேட்டதாகச் சொல்லும்.

தாவீது


பொள்ளாச்சி
12-9-2025

என் அன்புச் சிவனாண்டிக்கு,

வீடு வந்து சேர்ந்து நாளாகியும் காதில் ரயில் ஓடுகிறது. நீர் சுகமாக இருக்கிறீரா? பூமாரிக்குக் கொண்டுபோன நேந்திரங்காய் வறுவலில் கொஞ்சமாவது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா, வழியிலேயே தின்றுவிட்டீரா?

ஒன்று சொல்லட்டுமா? மதுரையில் ஏறியபோதும் உம் ஊர் வரை வருவேன் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ராஜபாளையத்தில் பையை எடுத்துக்கொண்டு கதவு வரை வந்துவிட்டேன். இறங்கி, உடம்பு சரியில்லை என்று ஒரு போன் போட்டால் முடிந்தது. பின்னாலிருந்து ஒருவர், "இறங்கலன்னா வழிய விடுங்க" என்றார். வழியை விட்டேன். வண்டி கிளம்பிவிட்டது.

சங்கரன்கோவில் பிளாட்பாரத்தில் உம்மைப் பார்த்தேன். எல்லோரும் பெட்டி நம்பரைப் பார்த்து ஓடுகிறார்கள். நீர் ஒவ்வொரு பெட்டியிலும் கக்கூஸின் மங்கலான சின்னக் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு ஓடி வருகிறீர். அதற்குப் பக்கத்துச் சன்னலில் நான் இருப்பேன் என்று உமக்குத் தெரியும். இந்த உலகத்தில் என்னை அப்படித் தேடி ஓடி வர வேறு யார் இருக்கிறார்கள்?

அப்புறம் அந்தப் பாலம். ஆரியங்காவு தாண்டி, பதின்மூன்று கண் பாலம் வரப்போகிறது என்று பெட்டியில் எல்லோரும் சன்னலுக்கு மாறுகிறார்கள். எனக்கு அந்த நேரம் பார்த்துத்தான் முட்டியது. உள்ளே நின்றுகொண்டு, இவ்வளவு தூரம் வந்தும் பார்க்காமல் போகிறதே என்று மனம் ஒடிந்துபோனேன். அப்போது கதவுக்கு வெளியே உம் சத்தம்: "வே தாவீது, பாலம் வந்துட்டு! சொல்லுதேன் கேளும். இடப்பக்கம் கிடுகிடு பள்ளம். கீழ ரோடு. ரோட்டுல ஒரு லாரி, தீப்பெட்டி கணக்கா. ரப்பர் மரம் பூரா சட்டி கட்டித் தொங்குது. வண்டி வளையுது வே, எஞ்சின் தெரியுது! எங்கனயோ மழை பெய்யுது, இங்கன இல்ல!" யாரோ ஒரு பெண் சிரித்தது கேட்டது. "உள்ள யாரு தாத்தா?" என்று கேட்டது. "எங்க எம்.எல்.ஏ." என்றீர்.

வெளியே வந்தபோது பாலம் போய்விட்டது. ஆனால் நான் பார்க்காத ஒன்று அந்தப் பாதையில் இல்லை.

இப்போது உண்மைக்கு வருகிறேன். கம்பத்தில் நடந்தது என்ன என்று உமக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் ஒன்று தெரிந்துவிட்டது. உமக்கு ஒரு கோளாறும் இல்லை. "கதவப் பிடியும் வே" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போவீர். "நீரு முதல்ல போயிட்டு வந்துரும்" என்பீர். அப்புறம் நீர் உள்ளே போய் நிற்பீர். ஒரு சத்தமும் வராது. சும்மா நின்றுவிட்டு, "அப்பாடா" என்று சொல்லிக்கொண்டு வெளியே வருவீர். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். உம் மேல் அப்படி ஒரு பேரை நீராகவே இழுத்துப் போட்டுக்கொண்டு, கருவேல மரம், மினி பஸ் என்று கதை கட்டி, என் வெட்கத்தைப் பாதி வாங்கிக்கொண்டீர். ஊரையே கேலி செய்கிற வாய்க்குள் இப்படி ஒரு பொய் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஞானபூரணம் இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். அவள் போன பிறகு சொல்ல ஆள் இல்லாமல், ஒரு வருஷமாக வீட்டுக்குள்ளேயே ஒளிந்து வாழ்ந்தேன். கொல்லத்திலிருந்து வந்த மறுநாள் ராஜேஷ்குமாரிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "இதுக்காப்பா காப்பிய விட்டீங்க?" என்று மட்டும் கேட்டான். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போனான். வயதானவர்களுக்குப் புராஸ்டேட் வீங்குமாம், இப்போதைக்கு மாத்திரை போதுமாம், ஆபரேஷன் வேண்டாமாம். மாத்திரை கேட்கிறது. போன ஞாயிறு கோவிலில் நாலாவது பெஞ்சு வரை முன்னேறிவிட்டேன்.

உம் பொய்க்கு ஆண்டவர் கணக்கு வைக்க மாட்டார். உமக்கும் பூமாரிக்கும் நல்ல சுகமும் நீண்ட ஆயுளும் கிடைக்கட்டும்.

என்றும் உம்
தாவீது


சங்கரன்கோவில்
20-9-2025

தாவீதுக்கு,

எம்.எல்.ஏ. சொகமா? இங்கன பூமாரி சொகம். வறுவல் ஒரு பொட்டலம் வந்து சேந்துச்சு, மிச்சத்தக் கேக்காதீரு.

உம்ம கடுதாசிய நான் தட்டுத்தடுமாறி வாசிக்கத கேட்டுக்கிட்டே பூமாரி கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா. சிவனாண்டி நல்லவன், பாதி வெக்கத்த வாங்கிக்கிட்டான், அப்படி இப்படின்னு நீரு எழுதியிருக்க இடம் வந்ததும் எனக்கே நெஞ்சு நிமிந்துட்டு. ரெண்டாந்தரமும் வாசிச்சேன். மூணாந்தரம் வாசிக்கப் போறேன், அவ கீரைக்கட்டக் கீழ போட்டா. "அந்த மனுசன் எவ்வளவு உருகி எழுதியிருக்காவ. இப்பவாவது நெசத்தச் சொல்லித் தொலைங்க"ங்கா.

வே, நான் எங்கவே பொய் சொன்னேன்?

கருவேல மரம் நெசம். மினி பஸ்ஸு நெசம். இசக்கித்துரையக் கேட்டுப் பாரும். உமக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு, ஒரு வருசம் பிந்தி. உம்ம கதையச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவன் நான். கருவேல மரத்தடியில நிக்கும்போதுதான் திராட்சைத் தோட்டத்துக்குள்ள நீரு எதுக்கு ஓடுனீருன்னு எனக்கு வெளங்குச்சு.

ரயில்ல சத்தம் வரலங்கீரு. எப்படிவே வரும்? நீரு வெளிய நின்னுக்கிட்டு "க்கும், க்கும்"னு இருமுதீரு. "ஆச்சா வே? ஆச்சா?"ன்னு கதவத் தட்டுதீரு. எனக்குப் பக்கத்துல ஆளு நின்னா வராது, சின்னதுலருந்தே அப்படி. உள்ள நின்னு எனக்குக் கண்ணு முழி பிதுங்குது. "நீரு முதல்ல போயிட்டு வந்துரும்"னு சொன்னது பாசத்துலன்னு நெனச்சீராக்கும். நீரு போயிட்டு வந்து சீட்டுல உக்காந்து தூங்கித் தொலைஞ்சா, பொறவு நான் நிம்மதியாப் போலாமேன்னுதான். எங்க தூங்குனீரு? கடமையில கண்ணாக் கதவுகிட்டயே நிக்கீரு. புனலூருலருந்து கொல்லம் வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த மாத்திரைப் பேர எழுதி அனுப்பச் சொல்லி, இங்கன கடையில வாங்கித் தின்னுக்கிடலாம்னு பாத்தேன். பூமாரி விடல. "அவுகளுக்குக் குடுத்தது அவுகளுக்கு. நீங்க நேர்ல போய்க் காட்டுங்க"ங்கா. இங்கன டாக்டர்ட்ட போனா நான் வீடு திரும்ப முந்தி சேதி பூ மார்க்கெட்டுக்குப் போயிரும். அதனால பொள்ளாச்சிக்கே வாரேன். வார வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டாச்சு. மதுரையில மாரிக்கண்ணன் ஏத்தி விடுதேன்னுட்டான். அவன்ட்டயும் சொல்லிட்டேன். உம்ம மகன் கணக்கா அவனும் சிரிக்கல. எனக்குத்தான் என்னமோ போல இருந்துச்சு.

ராஜேஷ்குமார்ட்ட சொல்லி எனக்கும் ஒரு டோக்கன் போட்டு வையும். ஏஞ்சலுக்குத் தெரிஞ்சாலும் பரவால்ல, அந்தப் பிள்ள வைக்க காப்பிய நான் ஒரு வாய் குடிச்சுப் பாக்கணும்.

டாக்டர் ரூமு வரைக்கும் நீரு என் கூட வரணும். என்னமும் டப்பாவக் குடுத்துப் பிடிச்சிட்டு வரச் சொன்னாவன்னா அதுக்கும் கூட வாரும். எனக்குப் பயமா இருக்குவே. 

ஆனா கதவுக்கு வெளிய நின்னு இருமப்படாது.

சிவனாண்டி